'என்ன' என்றால் என்ன?

"இன்னைக்கும் வந்துட்டாருங்க அந்தப் பெருசு! எவ்வளவு மொறைச்சாலும் சூடு சொரணையே இல்ல!"

ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்த கிருஷாந்த்தைச் சட்டையைக் கழற்றக்கூட விடவில்லை சுமித்ரா.

"யாரு, கித்துள் மரம் சீவிக் கருப்பட்டி காச்சுற பியதாசவா?"

"பேரு யாருக்குத் தெரியும்? நீங்க அந்தப் பக்கம் போனதும் வாசல்ல வந்து நிப்பாரு. 'என்ன?'ன்னு வெடுக்குனு கேப்பேன். ஒடனே பல்லக் காட்டிக்கிட்டு இஸ்தோப்புத் திண்ணையில ஏறி ஒக்காந்துக்குவாரு. போகச் சொல்ல எனக்குச் சிங்களமா தெரியும்? ஒரு பிளேன்டீய ஊத்திக் குடுத்துத் தொலைப்பேன். ஒரு துண்டு கருப்பட்டிய வச்சிட்டுப் போவாரு. லயத்து வீடுகள்ல நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

கிருஷாந்த் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடி தலவாக்கலைக்காரி! சிங்களத்துல 'என்ன'ன்னா 'வாங்க'ன்னு அர்த்தம். நீதான் தெனமும் வருந்தி வருந்திக் கூப்பிட்டிருக்க! பாவம், சம்சாரம் போனதுலருந்து மனுஷன் தனிக்கட்டை. கூப்பிட்டா வராம இருப்பாரா?"

சுமித்ராவுக்கு மானமே போய்விட்டது. கல்யாணமாகித் தலவாக்கலையை விட்டுத் தெரணியகலைக்கு வந்ததிலிருந்து பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் அழுதது உண்மைதான். அதற்காக, போகிறவர் வருகிறவரையெல்லாமா கூப்பிடுவது? நாளைக்கு வாயே திறக்கக் கூடாது.

மறுநாள் காலை பியதாச வந்து நின்றார். சுமித்ரா கம்மென்று இருந்தாள்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏறவில்லை. கருப்பட்டித் துண்டைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். முகம் வாடிப் போயிருந்தது.

அப்பாடா, ஒழிந்தது என்று விட்டிருக்கலாம். பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே? அடுப்பில் ரெண்டு பேருக்குத் தண்ணி வேறு வைத்திருந்தாள்.

"என்ன..." என்றாள், மெதுவாக.

பியதாச திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. வந்து உட்கார்ந்து, பிளேன்டீயை வாங்கிக்கொண்டார்.

"ரொம்பச் சந்தோசம் மகள்."

சுமித்ராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ! உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாம என்ன? தோட்டத்துக்குப் பக்கத்துலதானே பொறந்து வளந்தது."

"அப்ப நான் இத்தன நாளா..."

"எங்க வீட்டுல ஒரு வார்த்த கேக்க ஆளில்ல மகள். வெடுக்குனு கேட்டாலும் பரவாயில்லன்னுதான் வந்தேன்."

கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, ஒரு மடக்குக் குடித்தார்.

"இத்தன நாளும் 'என்ன'ன்னு தமிழ்ல கேட்டீங்க. இன்னைக்குத்தான் சிங்களத்துல கூப்பிட்டிருக்கீங்க!"