ஒரு விரற்கடை அசைவு

சுடத் தொடங்கச் சொல்லும் ஒலிப்பெட்டி இன்னும் கத்தாதபோதே, ஜோவெலின் தன் வலது முழங்கையை ஒரு விரற்கடை அசைத்தாள்.

அவ்வளவுதான். கைகள் தோளுயரத்தில் தூக்கியபடியே இருந்தன. துப்பாக்கி இடுப்பு உறையைவிட்டு நகரவில்லை.

வலப்பக்கக் கோட்டில் நின்ற மாங் போலிங் ஏமாந்தார். மடமடவென்று உருவிச் சுட்டார். பதினைந்து மீட்டருக்கு அப்பால் அவருடைய ஆறு இரும்புத் தட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. நடுவில் நடுவர் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். சுடுகிறவனுக்கு எந்தச் சத்தம் கேட்கும் என்று அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இது ஜோவெலின் ஒரு வாரமாகப் போட்ட கணக்கு. மாங் போலிங்கின் பழைய போட்டி வீடியோக்களை எல்லாம் பார்த்துவிட்டாள். ஒலிக்காகக் காத்திருக்கும்போது மனிதர் தட்டுகளைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் நிற்பவரின் முழங்கையைத்தான் பார்க்கிறார். கெட்ட பழக்கம் என்று நினைத்தாள். முழங்கையை அசைக்கக் கூடாதென்று விதிப்புத்தகத்திலும் இல்லை.

முந்திச் சுட்டால் முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை வெளியேற வேண்டியதுதான்.

நாட்டின் துப்பாக்கி சுடும் அணியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அவளுக்கு இருபத்துநான்கு வயது, பத்தங்காஸ் துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடும் வேலை. அவருக்கு அறுபத்தொன்று. நாற்பது வருடமாக லிப்பா ஊரில் தகரம் தட்டி, ஜீப்னி என்கிற பயணி வண்டிகளுக்கு உடம்பு கட்டுகிறவர். இந்த இடத்துக்காக எத்தனை தடவை வந்து திரும்பினார் என்பது அவருக்கே நினைவிருக்காது.

சிற்றுண்டிக் கொட்டகைப் பக்கமிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"என்ன மாங் போலிங், ஜீப்னி கெளம்பவே இல்ல, அதுக்குள்ள எறங்கிட்டீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மாங் போலிங் திரும்பவில்லை.

பின்னாலிருந்து நடுவர் எச்சரிக்கையைச் சொன்னார். அதற்கும் திரும்பவில்லை. கவிழ்ந்து கிடந்த தன் ஆறு தட்டுகளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டவரின் புன்னகை.

பிறகுதான் இடப்பக்கம் பார்த்தார். ஜோவெலின் இன்னும் கைகளைத் தூக்கியபடி நிற்பதைக் கண்டார்.

புன்னகை முகத்திலிருந்து இறங்கிப் போனது. நடுவர் வந்து தோளைத் தொட்டதும், அவர் நடுவரின் கண்களைப் பார்க்கவில்லை. உதடுகளையே பார்த்தார். பார்த்து முடித்துவிட்டுத் தலையாட்டினார்.

அதைப் பார்த்த ஜோவெலின் கைகளை இறக்கினாள்.

இந்த மனிதருக்குக் காது கேட்காது.

மற்றச் சுற்றுகளில் இலக்கு அட்டை திரும்பியதும் சுடவேண்டும். அதற்குக் கண் போதும். இந்தக் கடைசிச் சுற்று மட்டும்தான் ஒலியோடு தொடங்குகிறது. சுடுதளத்தில் எல்லோருக்கும் காது மூடியிருக்கும், எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், எல்லோரும் 'என்ன? என்ன?' என்பார்கள். காது போனவர் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஒலிக்குப் பதிலாக ஒரு விளக்கு வைத்திருப்பார்கள். அணிக்கு எடுப்பார்களோ மாட்டார்களோ என்று பயந்திருப்பார்.

தட்டுகளை நிமிர்த்தினார்கள். இருவரும் மறுபடி குண்டு நிரப்பிக் கோட்டில் நின்றார்கள்.

இப்போது அவள் செய்யவேண்டியது மிகச் சுலபம். இன்னொரு விரற்கடை. அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

ஜோவெலின் கால்களைக் கொஞ்சம் மாற்றி வைத்தாள். வலது முழங்கை அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி உடம்பைத் திருப்பிக்கொண்டாள். மூச்சில் மார்பு எழும்பும்போது கை ஆடாமலிருக்க மூச்சையும் பிடித்துக்கொண்டாள். அவருக்கு இருக்கும் ஒரே ஒலிப்பெட்டி அவள்தான்.

ஒலி வந்தது.

வேண்டுமென்றே முழங்கையை அகல வீசி உருவினாள். அதில் தனக்குக் கொஞ்சம் நேரம் போகும் என்று தெரிந்துதான் செய்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்திலும் வெடிக்கத் தொடங்கியது. அவருடைய சத்தம் அவளுடைய சத்தத்தைத் துரத்திக்கொண்டே வந்தது. நான்கு. ஐந்து. அவளுடைய ஆறாவது தட்டு சாய்ந்தது. அது தரையைத் தொடுமுன் அவருடைய ஆறாவதும் சாய்ந்தது.

நடுவர் அவள் பக்கம் கையைத் தூக்கினார்.

கைதட்டினார்கள். அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. சந்தோஷத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. முதலில் செய்ததை அழித்துவிட்டாள். நேராக நின்று, நேராகச் சுட்டு ஜெயித்திருக்கிறாள்.

மாங் போலிங் காதுமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். தகரம் தட்டித் தட்டிக் காய்த்துப்போன கையால் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறதென்று அறியாமல், சிரித்தபடியே சொன்னார்.

"நல்லா சுட்டம்மா. ரெண்டாவது வாட்டியும் சும்மாதான் அசைக்கிறியோன்னு நெனச்சு, கொஞ்சம் நின்னுட்டேன்."

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ பாராட்டுகிறார் என்று அவர்களும் சிரித்தார்கள்.

ஜோவெலின் தன் காதுமூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்.

"மன்னிச்சிருங்க, மாங் போலிங்."

அவர் அதற்குள் திரும்பிக் குனிந்து, துப்பாக்கியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.