கேஸ் மட்டும் போடுங்க

"ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாதுங்க. குறையுதுன்னா எங்கயோ கசியுது. அடைச்சிடட்டுமா?" என்று முதல் கோடையிலேயே மெக்கானிக் செல்வின் கேட்டார். "வேணாம், கேஸ் மட்டும் போடுங்க" என்றாள் தமயந்தி. அடைத்துவிட்டால் தன்னைப் போலவே தனிக்கட்டையான அந்த மனிதர் மறுபடி எதற்கு வரப்போகிறார்?

ஆறு கோடைகள். வருஷத்துக்கு ஒரு மத்தியானம், ஒரு டம்ளர் மோர், கொஞ்சம் சிரிப்பு.

இந்த வருஷம் செல்வின் உதட்டைப் பிதுக்கினார். "இந்தக் கிழட்டு மெஷினுக்கு ஆர்-22ங்கற பழைய கேஸ்தான் போடணும். அது எங்கயும் கிடைக்கல. புது கேஸ் இதுக்குச் சேராது. வேற ஏசி வாங்கிடுங்க. அப்புறம் என்னைத் தேடவே மாட்டீங்க."

அவர் குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். நாற்பத்தாறு வயதில் இன்னொரு சாக்கைக் கண்டுபிடிக்கத் தமயந்திக்குத் தெம்பில்லை. முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏசியே வேணாம் செல்வின். நீங்க இங்கயே இருந்துடுங்க."