மூன்று நாள் வேலை

"என் மேனேஜரை அவர் வீட்டு பாத்ரூம்லயே மூணு நாள் பூட்டி வெச்சேன். சாவியே இல்லாம," என்றாள் செம்மலர், மென்பொருள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். அடுக்ககப் பூங்காவில் நடக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். அந்த மேனேஜர் தேவசகாயத்தின் மனைவி ரோசலின் மட்டும், "சும்மா அளக்காதீங்கக்கா," என்றாள்.

ஒரு வேலைக்குச் செம்மலர் எத்தனை நாள் கேட்டாலும் பாதியாக வெட்டுவது தேவசகாயத்தின் வழக்கம். அதனால்தான் தன் கல்யாண மேடையிலும் அவள் மடியில் லேப்டாப் இருந்தது. தாலி ஏறியதைப் பிறகு வீடியோவில்தான் பார்த்தாள்.

அப்புறம் ஒரு சட்டம் வந்தது. கேட்ட நாளைக் குறைப்பவர், வேலை முடியும்வரை தான் இருக்கும் அறையைவிட்டு வெளியே வர முடியாது. கதவுகளே பார்த்துக்கொள்ளும்.

தேவசகாயம் போனோடுதான் குளிக்கப் போவார் என்பது ஆபீசுக்கே தெரியும். ஒரு காலை செம்மலர் அவரை அழைத்து, தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை வெயிலைப் பற்றிப் பேசினாள். பிறகு, "சார், இந்தப் பிழையைச் சரிபண்ண மூணு நாள் ஆகும்," என்றாள்.

"மூணு நாளா? அரை மணி நேர வேலைம்மா," என்றார் பழக்கதோஷத்தில். கதவு பூட்டிக்கொண்டது.

செம்மலர் தினமும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனாள், நன்றாகத் தூங்கினாள், ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சோதித்தாள்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணாரு?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் ரோசலினைப் பார்த்தார்கள்.

"நடந்ததுதான்," என்றாள் ரோசலின் கடைசியில். "கதவுக்கு அடியில தோசையைத் தள்ளினேன். சட்னிக்குப் பத்து நிமிஷம் ஆகும்னேன். 'ரெண்டு நிமிஷ வேலைதானே'ன்னாரு உள்ளேயிருந்து. அப்புறம் நானும் அவசரப்படல."