எல்லைக்கல்லைத் தூக்கிய கை

இறந்துபோன நூகுத்தம்பியின் மையித்தைக் குளிப்பாட்ட அவருடைய கூட்டாளி சேகனா வந்து நின்றார்.

“யாரும் பேசாதீங்க,” என்று மையித்தின் நாக்கு மற்ற உறுப்புகளிடம் சொன்னது. “மறுமையில கேட்டா நான் பார்த்துக்கறேன். எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம்னு சொல்லிட்டாப் போச்சு.”

“வாப்பா இல்லாத அண்ணன் மகளோட தோப்புல எல்லைக்கல்லைத் தள்ளி நட்டோமே, அதையுமா?” என்றது வலது கை.

“அதையும்தான்.”

“அன்னிக்கு வரப்புல இறங்கும்போது பள்ளிவாசல்ல தொழுகைக்குப் பாங்கு கேட்டுச்சு,” என்றது கால். “நான் நின்னுட்டேன். இவருதான் என்னைத் தூக்கி முன்னால வச்சாரு.”

“அதெல்லாம் யாருக்குத் தெரியும்?”

நாக்கு சொல்லி முடிப்பதற்குள் சேகனா ஒரு துணிப்பட்டையால் தாடையை இறுகக் கட்டினார். நாக்கு அடங்கியது.

“இனி நம்ம முறை,” என்றது கை.

மையித்தின் ஆள்காட்டி விரல் மெல்ல நீண்டு தோப்புப் பக்கம் காட்டியது. சேகனா அதை மடக்கினார். மறுபடி நீண்டது. அவர் தோப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அந்தக் கல்லின் மறுமுனையைத் தூக்கியவர் அவர்தான்.

மூன்றாம் முறை மடக்கியதும் விரல் அப்படியே கிடந்தது. சேகனா மூச்சு விட்டார். தண்ணீர் மொள்ளச் செம்பை எடுக்கப் போனார்.

அவருடைய ஆள்காட்டி விரல் தோப்பைக் காட்டி நீண்டிருந்தது. எவ்வளவு அழுத்தியும் மடங்கவில்லை.