இடது பக்கத்தில் இருந்தது

அதிகாரி டேப்லட்டை மேஜை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, கையை விட்டார். சிமெண்ட் தரையில் அது 'டப்'பென்று விழுந்தது. அந்த டேப்லட்டைத் தயாரித்தவனோ, பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்ததுபோல உட்கார்ந்திருந்தான்.

"பயமே இல்லையே உங்களுக்கு," என்றார் அதிகாரி. "போன வாரம் ஒருத்தர், நான் கையை விடறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்கிட்டார்."

"நம்பிக்கைதான் சார்."

நம்பிக்கையும் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்குள்ளே அவன் வைத்திருந்தது குளியலறை டைல்ஸ்.

அவனும் அக்காவும் இரண்டு வருடமாக இந்த மாடி அறையில் மல்லுக்கட்டி ஒரு டேப்லட் செய்திருந்தார்கள். ஒரே பட்டன், அமுக்கினால் இணையம் வரும், வேறு எதுவும் வராது. மூடியைத் திறக்க ஒரு நாணயம் போதும். வரைபடம் மொத்தத்தையும் இணையத்தில் போட்டுவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளட்டும் என்று. நாலாயிரம் பேர் பாராட்டினார்கள். ஒருவர்கூடச் செய்யவில்லை.

எல்லாம் திரையால் வந்த வினை. ஐந்நூறு திரைக்குக் குறைத்துக் கேட்டால் திரை கம்பெனிக்காரர்கள் போனையே வைத்துவிடுகிறார்கள். கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது இரண்டே இரண்டு. அதில் ஒன்று ஒட்டும்போதே விரிசல் விட்டது. மிச்சம் இருந்த ஒன்றைப் போட்டுத்தான் உண்மையான டேப்லட் ஓடியது. சார்ஜ் போட்டால் முதுகு கொஞ்சம் சூடாகும். மற்றபடி தங்கமான டேப்லட்.

இந்த நேரத்தில்தான் நூலகத் துறை ஐந்நூறு டேப்லட் கேட்டது. கிடைத்தால் பிழைத்தார்கள். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துவிட்டு, அவன் பழையபடி பிரிண்டர் ரிப்பேருக்குப் போகவேண்டியதுதான். துறைக்கு விலை பிடித்திருந்தது. ஆனால் இரண்டு டேப்லட் தயாராக இருக்கவேண்டுமாம். ஒன்று கீழே போட்டுப் பார்க்க, இன்னொன்று எடுத்துப்போக.

இருக்கிற ஒன்றைக் கீழே போட அவனுக்கு மனசு வரவில்லை. வேறொரு கூட்டுக்குள் எடைக்கு எடை டைல்ஸ் துண்டை வைத்து, திரை இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு அக்ரிலிக் தகட்டை ஒட்டிவிட்டான். பார்த்தால் அச்சு அசல் அதேதான்.

"இது தப்புடா," என்றாள் அக்கா, முந்தாநாள் பூராவும். நேற்று சாயங்காலத்திலிருந்து ஏனோ அதைப்பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. காலையில் மேஜையைத் துடைத்து, இரண்டையும் திரும்ப அடுக்கி வைத்தாள். இடது பக்கம் இருப்பது கீழே போட, வலது பக்கம் இருப்பது கொடுத்தனுப்ப என்பது அவன் ஏற்பாடு.

மூன்றாவது முறையும் போட்டுவிட்டு, அதிகாரி குனிந்து எடுத்தார். புரட்டிப் பார்த்தார். "லேசா சூடா இருக்கே."

"ஜன்னலோரம் வெயில்ல இருந்தது சார்."

அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டிருந்தது. பிறகு படிவத்தில் 'உடையவில்லை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டார்.

"ஆன் பண்ணிப் பாக்கறீங்களா சார்?" வலது பக்கத்து டேப்லட்டை அவன் ஆசையாக நகர்த்தினான்.

"அது எங்க கம்ப்யூட்டர் செக்ஷன் வேலை. என் வேலை கீழ போடறது மட்டும்தான்." சொல்லிக்கொண்டே அதை எடுக்கக் கையை நீட்டினார்.

"சார்," என்றாள் அக்கா. "புதுசு எதுக்கு? விழுந்ததையே கொண்டுபோய்க் காட்டுங்க."

அவன் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். அவள் காலை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"அதுவும் சரிதான்," என்றார் அதிகாரி. "எங்க லைப்ரரில விழாத பொருள் எது இருக்கு?"

"சார், இதுதான் சார் பளபளன்னு..." என்று அவன் இழுப்பதற்குள் விழுந்தது பைக்குள் போய்விட்டது. பை மாடிப்படி இறங்கியது.

கம்ப்யூட்டர் செக்ஷனில் பட்டனை அமுக்குவார்கள். ஒன்றும் வராது. உடனே ஒரு நாணயத்தைத் தேடுவார்கள். அப்படித் திறக்கலாம் என்று விளக்கக் கையேட்டில் எழுதியதே அவன்தான். ஆர்டர் போவது ஒரு பக்கம். எங்கள் டேப்லட்டில் ஒளிவுமறைவே கிடையாது என்று நாலாயிரம் பேரிடம் மார்தட்டியவன், இப்போது டைல்ஸ் விற்றவன் ஆகப்போகிறான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. எழுந்து செருப்பை மாட்டினான்.

"எங்கடா?"

"கீழ. உண்மையைச் சொல்லிடறேன். அவங்களா திறந்து பாத்துத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா தேவலை."

"உக்காரு." அக்கா மேஜையில் மிச்சம் இருந்த டேப்லட்டை அவன் பக்கம் தள்ளி, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்தாள்.

திறந்தான். உள்ளே நீலப் பூப்போட்ட டைல்ஸ் இருந்தது.

அதை விரலால் தட்டிப் பார்த்தான். "எப்ப மாத்தினே?"

"மேஜை துடைச்சப்போ."

"இருக்கறதே ஒண்ணு. உடைஞ்சிருந்தா என்னக்கா பண்ணியிருப்ப?"

அக்கா மேஜைத் துணியை உதறி மடித்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேத்து என் கை தவறி மாடிப்படி முழுக்க உருண்டப்பவே உடையல."