சல்லடைக்கு வந்த பேச்சு

“ஊரே வந்து என் காதில் பேசும், என்னிடம் மட்டும் யாரும் பேசியதில்லை. நான் யார், சொல்லு?”

மாதா கோயிலில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனப் பெட்டியில், சாமியாருக்கும் ஜனங்களுக்கும் நடுவே இருக்கும் மரச்சல்லடை கேட்டது.

“நீதான் அண்ணே. வேறு யாருக்கு இந்தப் புலம்பல்?” என்றது கீழே முழங்காலிடும் பலகை.

அப்போது, தன் முதல் பாவசங்கீர்த்தனத்தைச் செய்ய சிறுமி ஜெசிந்தா வந்தாள். சல்லடைக்கு அந்தப் பக்கம் சாமியாரின் நாற்காலி காலியாக இருப்பது அவளுக்குத் தெரியாது.

“சாமி, தம்பியோட பங்கு அதிரசத்தையும் நானே தின்னுட்டேன்.”

சல்லடை பூரித்தது. தனக்கே தனக்கென்று வந்த முதல் பேச்சு.

“மன்னிப்பு கிடைக்குமா, சாமி?”

சல்லடை தன் ஓட்டைகளையெல்லாம் துழாவிப் பார்த்தது. கொடுக்க ஒன்றும் இல்லை.

“நான் வெறும் மரம், பாப்பா. சாமியார் இன்னும் வரலை. வீட்டுக்குப் போறதுன்னா போ.”

ஜெசிந்தா சல்லடைமேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அங்கேயே காத்திருந்தாள்.