கீழே ஒன்றுமில்லை

திலகவதியின் வீட்டுக் கணினி, ஒரு கணக்கை வைத்துச் செடி போன்ற ஒரு படம் வரைந்துகொண்டிருந்தது. எந்தக் கிளையின் நுனியைப் பெரிதாக்கினாலும் அதற்குள் இன்னொரு முழுச் செடி இருக்கும். நாளுக்கு ஒரு நுனியாக அது உள்ளே உள்ளே பெரிதாக்கிக்கொண்டே போனது. சுவரில் இருந்த பல்லி தினமும் அதைப் பார்த்துவிட்டு, அடிபட்டு அலமாரிக்குப் பின்னால் ஒட்டிக்கிடந்த தன் தம்பியிடம் போய்ச் சொல்லும்.

"நாளைக்கு என்ன வருதுன்னு பாத்துச் சொல்லுண்ணே" என்று தம்பி கேட்கும்.

ஒருநாள் திரையில் வெறும் கட்டங்கள் வந்தன.

"என்ன இது?" என்றது பல்லி.

"அவ்வளவுதான். இதுக்குக் கீழே ஒண்ணுமில்லை" என்றது கணினி.

பல்லி அதை அப்படியே தம்பியிடம் சொன்னது. "அப்படியா" என்ற தம்பி, அன்று மாலை சுவரிலிருந்து பிடியை விட்டு, விழுந்து செத்துப்போனது.

மறுநாள் திலகவதி கட்டங்களைப் பார்த்தாள். "தசம இடம் பத்தலை" என்று முணுமுணுத்தபடி கணக்கில் இலக்கங்களின் எண்ணிக்கையை அதிகமாக்கினாள். கணினி திணறித் திணறி வரைந்தது. கட்டங்கள் கரைந்து, பல்லி அதுவரை பார்த்திராத ஒரு செடி விரிந்தது.

"ஒண்ணுமில்லைன்னு சொன்னியே?" என்று பல்லி கணினியைக் கேட்டது.



"எனக்கு அதுக்கு மேல எண்ணத் தெரியலை. சொல்ல வெட்கமா இருந்துச்சு" என்றது கணினி.

"தெரியலைன்னே சொல்லியிருக்கலாம்" என்றது பல்லி. "அவன் இன்னும் ஒருநாள் காத்திருந்திருப்பான்."